பங்குப்பேரவைக் கூட்டத்தை இரவு ஒன்பது மணிக்கு வைக்காதீர்கள்

மதுரை நகரிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலும் கத்தோலிக்கப் பங்குகளின் பொறுப்பில் இருக்கும் அருட்தந்தையர்களுக்கும், பங்கு மக்களின் ஆலோசனைக் குழுவான பங்குப்பேரவை, நிதிக்குழு, திருவிழாக் குழுக்களில் இருக்கும் அண்ணன்மாருக்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம். மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர்கள், வாசகம் வாசிப்பவர்கள், பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் அன்பியத்தை நடத்துபவர்கள், திருப்பலியில் அர்ச்சித்த அப்பமாகிய நற்கருணையை நோயாளர் வீடுகளுக்குக் கொண்டுபோகிறவர்கள் என்று பங்கில் வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். குருத்துவம் கேட்டு எழுதவில்லை. பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1994-இல் எழுதிய மடல் அப்படியே இருக்கிறது. அதை மாற்றுவது உங்கள் அதிகாரத்திலும் இல்லை. உங்கள் அதிகாரத்தில் இருப்பதை மட்டும் கேட்கிறோம். உரோமையில் சட்டம் மாறியும் நம் ஊரில் பெண்கள் அதே இடத்தில் நிற்பதற்கு இறையியல் காரணமில்லை. கூட்டம் போடும் நேரம், வரி நோட்டு, காசோலைக் கையெழுத்து, மைக் நிற்கும் உயரம், இவைதான் காரணம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். "பொம்பளைங்க அதெல்லாம் செய்யலாமா ஃபாதர்?" என்ற கேள்வி கோயில் வாசலில் இன்னும் ஓயவில்லை. பீடத்தில் சிறுமியர் உதவி செய்ய 1994 மார்ச்சிலேயே உரோமை வழிவிட்டது. மறைமாவட்டத்தில் அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது ஆயரின் முடிவு. பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்குப் பெண்களையும் தேர்ந்தெடுக்கலாம் என்ற ஆணை 2016 ஜனவரியில் வந்தது. 2021 ஜனவரி 10-இல் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபைச் சட்டம் 230-இன் முதல் பிரிவைத் திருத்தினார். வாசகர், பீடத்துணைவர் என்ற நிலையான பணிகளுக்கு அதுவரை ஆண்களை மட்டுமே நியமிக்க முடிந்தது. இப்போது தகுதியுள்ள பொதுநிலையினர் எவரையும் நியமிக்கலாம். அதே ஆண்டு மே 10-இல் மறைக்கல்வி ஆசிரியர் பணியும் ஆண், பெண் இருபாலருக்கும் உரிய நிலையான பணியானது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் பாலினக் கொள்கை 2010-லேயே வெளிவந்தது. ஆகவே "மேலிடத்து அனுமதி வரட்டும்" என்று காத்திருக்க வேண்டிய விஷயங்கள் குறைவு.

இனி, கூட்டத்துக்கு வருவோம். கிராமங்களில் பேரவைக் கூட்டமும் திருவிழாக் கூட்டமும் இரவுச் சாப்பாடு முடிந்து ஒன்பது மணிவாக்கில் கோயில் முன்மண்டபத்தில் கூடுகின்றன. முடிய பதினொன்று, பதினொன்றரை ஆகிவிடும். விடியுமுன் மல்லிகை மொட்டு எடுக்கத் தோட்டத்துக்குப் போக வேண்டிய பெண்ணோ, காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நூறு நாள் வேலைக்கு ஓட வேண்டிய பெண்ணோ அந்த நேரத்தில் வந்து உட்கார முடியாது. வந்தாலும் இருட்டில் தனியாகத் திரும்ப வேண்டும். வராதபோது "கூப்பிட்டோம், வரல" என்று நோட்டில் ஏறிவிடுகிறது. அடுத்த முறை கூப்பிடவே மாட்டார்கள்.

ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு வையுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடியுங்கள். என்னென்ன பேசப்போகிறோம் என்பதை முந்தின ஞாயிறு அறிவிப்பிலேயே வாசித்து, தாளில் எழுதிப் பலகையில் ஒட்டுங்கள். வரவு செலவுத் தாளின் நகலைக் கூட்டத்தில் வைத்து வாசிப்பதற்கு மூன்று நாள் முன்னதாகவே உறுப்பினர்களிடம் கொடுங்கள். எண்களைக் காதால் கேட்டு உடனே கேள்வி கேட்க யாராலும் முடியாது. கேள்வி வரக் கூடாது என்பதற்காகவே வேகமாக வாசிப்பவர்களும் உண்டு. ஆண்களுக்கு நாற்காலி, பெண்களுக்குப் பாய் என்ற ஏற்பாட்டை விட்டுவிட்டு எல்லாரும் ஒரே மாதிரி உட்காருங்கள். பாயில் உட்கார்ந்திருப்பவர் பேச வேண்டுமானால் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. நாற்காலியில் இருப்பவர் உட்கார்ந்தபடியே குறுக்கே பேசிவிடுகிறார்.

நேரத்தை மாற்றினாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. முடிவை முதல்நாளே நாலு பேர் டீக்கடையில் எடுத்துவிட்டு, கூட்டத்தில் வந்து கைதூக்கச் சொல்வது. இதற்கு ஒரே மருந்து தீர்மான நோட்டு. முன்மொழிந்தவர் பெயர், வழிமொழிந்தவர் பெயர், மறுத்தவர் பெயர், தொகை எல்லாம் அதில் ஏற வேண்டும். அதில் ஏறாத செலவுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று பங்குத்தந்தை ஓர் ஆண்டு உறுதியாக நின்றால் டீக்கடை முடிவுக்கு மதிப்பு போய்விடும்.

உறுப்பினர் தேர்வில் "அன்பியத்துக்கு ஒருவர்" என்று கேட்டால் வருவது ஆண்தான். அன்பியக் கூட்டத்தை வாராவாரம் வீடுவீடாக நடத்துவது பெண்களாகவே இருந்தாலும் அப்படித்தான். "அன்பியத்துக்கு இருவர், ஒருவர் பெண்" என்று விதியாக எழுதுங்கள். செயலர், பொருளாளர் இரண்டில் ஒன்று பெண்ணுக்கு என்பதையும் எழுதுங்கள். பொறுப்புக்காலம் முடிந்த ஒருவர் தன் மனைவியை நிறுத்திவிட்டுப் பின்னாலிருந்து தானே நடத்துவது நடக்கும். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016-இல் சட்டம் வந்த பிறகும் தலைவரின் கணவர் நாற்காலியில் உட்கார்ந்த பஞ்சாயத்துகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். முந்தைய குழுவில் இருந்தவரின் குடும்பத்தார் அடுத்த ஒரு முறைக்கு நிற்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் பாதிச் சிக்கல் தீரும்.

பணம் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. சட்டம் 537-இன்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும். சட்டம் 1287-இன் இரண்டாம் பிரிவு, மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குச் சொல்லச் சொல்கிறது. நிதிக்குழுவில் பெண் இருக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. ஆனால் "கணக்கு வழக்கெல்லாம் அவங்களுக்கு எதுக்கு" என்ற பேச்சு மட்டும் குறையவில்லை. 1953-இல் தொடங்கிய பாத்திமா கல்லூரியை இந்த மதுரையில் கட்டி வளர்த்தவர்கள் லியோன் புனித சூசையப்பர் சபை அருட்சகோதரிகள். ஊருக்கு ஊர் களஞ்சியம் என்னும் சேமிப்புக் குழுவிலும் சுயஉதவிக் குழுவிலும் சேமிப்பு, கடன், வட்டி, தவணை எல்லாவற்றையும் மாதம் தவறாமல் எழுதி வங்கி மேலாளரிடம் காட்டுகிறவர்கள் நம் பங்குப் பெண்கள். அவர்களுக்கு உண்டியல் கணக்குப் புரியாது என்பதை எப்படி ஏற்பது?

ஞாயிறு காணிக்கையை எண்ணும் முறை இப்படி இருக்கட்டும். மூன்று பேர், ஒரே வீட்டைச் சேராதவர்கள், ஒருவராவது பெண். திருப்பலி முடிந்ததும் கோயிலிலேயே எண்ண வேண்டும். பங்கு இல்லத்துக்கு எடுத்துப்போய்ப் பிறகு எண்ணுவது கூடாது. 500, 200, 100 என்று நோட்டு வாரியாகத் தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும். தாள் இரண்டு பிரதி. ஒன்று பணத்தோடு, மற்றொன்று பொருளாளரிடம். திங்களன்று வங்கியில் போட்ட ரசீது அந்தத் தாளோடு ஒட்டப்பட வேண்டும். கோளாறு பெரும்பாலும் இடையில்தான் வரும். எண்ணியது ஞாயிறு, வங்கிக்குப் போனது வியாழன் என்றால் நடுவில் "அவசரத்துக்கு எடுத்தோம், பிறகு வைத்தோம்" என்ற கணக்கு நுழைந்துவிடும். திருடும் எண்ணம் இல்லாதவரும் இதில் மாட்டிக்கொள்வார்.

வங்கிக் கணக்கில் பங்குத்தந்தையோடு செயலர், பொருளாளர் இருவரில் ஒருவர் கையெழுத்து என்று வைத்தால் போதும். பேரவைத் தீர்மானத்தின் நகல், புதிதாகச் சேர்பவரின் ஆதார், பான், புகைப்படம், மாதிரிக் கையெழுத்து இவற்றோடு போனால் வங்கியில் மாற்றிக்கொடுப்பார்கள். பெண் பொருளாளரிடம் நடக்கும் தவறு எங்களுக்குத் தெரியும்: "அக்கா, அடிக்கடி அலைய வேண்டாம்" என்று சொல்லி எழுதாத காசோலைகளில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது. அக்கறை போலத் தெரியும். நாளைக்குக் கணக்கு உதைத்தால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த அக்காதான். பில்லையும் தொகையையும் பார்க்காமல் கையெழுத்து இல்லை, மாதா மாதம் பாஸ்புக் பதிவு கண்ணில் பட வேண்டும் என்று குழுவே தீர்மானம் போட்டுவிட்டால் அவர் தனியாக முகம் முறிக்க வேண்டியதில்லை.

அடுத்தது, குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வாங்கும் தலைக்கட்டு வரி. நோட்டில் தலைக்கட்டு என்றால் ஆண் பெயர். கணவர் இறந்துபோனால் அந்த வீடு அரை வரி ஆகிறது, அல்லது வரியிலிருந்தே நீக்கப்படுகிறது. ஆதரவற்ற பெண்ணிடம் வாங்க வேண்டாம் என்ற இரக்கத்தில் தொடங்கிய வழக்கமாக இருக்கலாம். ஆனால் முழு வரி கொடுத்தவருக்கே கூட்டத்தில் பேச்சு என்று வைத்திருக்கிறீர்கள். அரை வரி வீட்டுக்காரி பேச எழுந்தால் "நீங்க வரியே கட்டல" என்கிறார்கள். கட்டவிடாதது யார்? மகனுக்குப் பதினெட்டு ஆனதும் நோட்டில் மகன் பெயர் ஏறுகிறது. இருபது ஆண்டு வீட்டை நடத்திய தாயின் பெயர் ஒரு நாளும் ஏறுவதில்லை. கணவர் விட்டுப்போனவரும் கல்யாணம் செய்துகொள்ளாமல் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் எந்த நோட்டிலும் இல்லை.

மாற்றுவது சுலபம். வரி நோட்டைத் தனியாக வைக்காமல் பங்கின் குடும்ப அட்டை எண்ணோடு இணையுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே வீட்டின் பெரியவர்கள் இருவர் பெயர்; ஒருவரே இருந்தால் அவர் பெயர். சலுகை வருமானத்தைப் பார்த்துக் கொடுங்கள், தாலியைப் பார்த்து வேண்டாம். சலுகை பெற்றவருக்கும் கூட்டத்தில் முழுப் பேச்சு உண்டு என்று எழுதுங்கள். கல்லறைக்கு இடம் கேட்டு வரும் வீட்டில் பழைய பாக்கியைக் கணக்குப் பார்க்கும் வழக்கத்தையும் அத்தோடு நிறுத்துங்கள். அந்த நேரத்தில் பணத்துக்கு அலைவது பெண்தான்.

கிளைக்கிராமங்களின் ஞாயிறு பற்றி. ஒரு பங்குத்தந்தை ஆறு, ஏழு கிராமங்களைப் பார்க்க வேண்டிய இடங்களில் மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறுதான் திருப்பலி. மற்ற ஞாயிறுகளில் கோயில் பூட்டிக் கிடக்கிறது. முன்பு உபதேசியார் மக்களைக் கூட்டிச் செபம் நடத்துவார். இப்போது பல ஊர்களில் உபதேசியாரே இல்லை. குரு இல்லாத ஞாயிறு வழிபாட்டுக்கு 1988-இல் உரோமை வழிகாட்டி கொடுத்தது. ஆயரின் அனுமதியோடு, பயிற்சி பெற்ற பொதுநிலையினர் அதை நடத்தலாம். அவர் பெண்ணாகவும் இருக்கலாம்.

எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதில் தெளிவு வேண்டும். இல்லையென்றால் நல்ல முயற்சியும் புகாரில் முடியும். நடத்துபவர் குருவின் இருக்கையில் அமரக் கூடாது. மக்களோடு முன்வரிசையில் இருக்க வேண்டும். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று சொல்லக் கூடாது. நற்கருணை மன்றாட்டின் எந்தப் பகுதியையும் வாசிக்கக் கூடாது. மறையுரை குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியது. ஆகவே பங்குத்தந்தை எழுதிக்கொடுத்ததை வாசிக்கலாம். கடைசியில் கையை நீட்டி ஆசீர் கொடுக்காமல், "ஆண்டவர் நம்மை ஆசீர்வதிப்பாராக" என்று தன்மேல் சிலுவை அடையாளம் வரைந்து முடிக்க வேண்டும். அதே ஞாயிறோ முந்தின சனி மாலையோ அந்தக் கோயிலில் திருப்பலி இருந்தால் இந்த வழிபாடு கூடாது. வருகைப் பாடல், மனவருத்தச் செபம், மூன்று வாசகங்கள், எழுதிய மறையுரை, நம்பிக்கை அறிக்கை, மன்றாட்டு, நன்றிப் புகழ்ச்சி, கர்த்தர் கற்பித்த செபம், முன்பே அர்ச்சிக்கப்பட்ட நற்கருணை என்று முக்கால் மணி நேரத்தில் நிறைவாக முடியும்.

தவறும் இடம் இரண்டு. எழுதிய மறையுரையை வைத்துவிட்டுச் சொந்தப் பிரசங்கம் தொடங்குவது ஒன்று. எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்வது மற்றொன்று. நடத்துபவர், வாசகர் இருவர், பாடகர், நற்கருணை வழங்குபவர் என்று ஐந்து பேராகப் பிரித்தால் யாரும் தலைவியாகத் தெரிய மாட்டார், யாருக்கும் பொறாமையும் வராது. பங்குத்தந்தை தொடங்கும் நாளில் மக்கள் முன் நின்று "இவர்களை நான் அனுப்பியிருக்கிறேன்" என்று சொல்வது மிக முக்கியம். அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் போனால் மூன்றாம் வாரமே நின்றுபோகும்.

நோயாளருக்கு நற்கருணை. மாதத்தின் முதல் வெள்ளிக்குக் குரு போவதோடு நிற்காமல் ஞாயிறுதோறும் போக வேண்டும் என்றால் ஆள் வேண்டும். படுக்கையில் கிடக்கும் மூதாட்டியின் சீலையைச் சரிசெய்து, வாயைத் துடைத்து, உட்கார வைத்துக் கொடுக்கப் பெண்ணே பொருத்தம். இருவராகப் போக வேண்டும். நற்கருணைச் சிமிழைத் துணிப்பையில் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். கைப்பையில் பேருந்துச் சில்லறையோடும் செல்போனோடும் போட்டுக்கொண்டு போவதைப் பார்க்க மனம் பதறுகிறது. வழியில் காப்பி குடிக்க நிற்கக் கூடாது. விழுங்க முடியாதவருக்குச் சிறு துணுக்கும் ஒரு மிடறு தண்ணீரும் போதும்; நோயாளருக்கு நற்கருணை உண்ணாநோன்பு கட்டாயமில்லை. மீதி இருந்தால் அன்றே கோயிலுக்குத் திரும்ப வேண்டும். வீட்டில் இரவு வைக்கக் கூடாது. ஒரு குழுவுக்கு ஐந்தாறு வீட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். கடைசி வீடுகளில் அவசரம் தெரிந்துவிடும்.

செவிலியராக வேலை பார்க்கும் நம் பெண்களுக்கு அவசரத் திருமுழுக்கைக் கற்றுக்கொடுங்கள். பெரியாஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தை உயிருக்குப் போராடும்போது, பெற்றோர் விரும்பினால், யாரும் கொடுக்கலாம் என்கிறது சட்டம் 861. தலையில் தண்ணீர் ஓடும்படி மூன்று முறை ஊற்றிக்கொண்டே "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஈரத் துணியால் தொட்டுவிடுவது போதாது. பிறகு பெயர், நேரம், சாட்சி விவரத்தைப் பங்கில் கொடுத்துப் பதிய வேண்டும்.

வாசகம். பல கோயில்களில் பெண்ணுக்குக் கொடுப்பது முன்னுரையும் மன்றாட்டும்தான்; முதல் வாசகம் ஆணுக்கு. இதற்கு விதி எதுவும் இல்லை, பழக்கம்தான். மைக்கைப் பாருங்கள். கழுத்து ஆணின் உயரத்துக்கு வளைத்து இறுக்கப்பட்டிருக்கும். திருகு துருப்பிடித்துத் திரும்பாது. பெண் வாசிக்கும்போது ஒலி மோவாய்க்கு மேலே போய்விடும், "குரல் எட்டல" என்பார்கள். வளையும் கழுத்துள்ள மைக் ஒன்று போதும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தால் மூச்சு இரையாது. வாசகத்தைப் புதன்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். பவுலடியாரின் நீண்ட வாக்கியங்களை எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவது என்று பென்சிலால் கோடு போட்டு, மூன்று முறை சத்தமாக வாசித்துப் பழகாமல் பீடத்துக்கு வந்தால் ஆணும் தடுமாறுவார், பெண்ணும் தடுமாறுவார்.

தீட்டு என்ற பேச்சு வேண்டாம். மாதவிலக்கு நாளில் பீடத்தருகே போகக் கூடாது, சுரூபத்தைத் தொடக் கூடாது, சப்பரத்தைத் தூக்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1752 எண்களில் ஒன்றிலும் கிடையாது. 12 ஆண்டாக இரத்தப்போக்கால் வருந்திய பெண் தொட்டபோது ஆண்டவர் அவரை "மகளே" என்று அழைத்ததைப் பூசையில் வாசிக்கிறோம். அந்த ஞாயிறாவது மறையுரையில் இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பெண்கள் சொன்னால் சண்டை என்பார்கள்; குரு சொன்னால் கேட்பார்கள்.

ஊதியம். கோயில்பிள்ளைக்குச் சம்பளம் என்று நோட்டில் ஒரு பெயர் இருக்கும். கோயிலைக் கூட்டுவது, பூச்சாடி மாற்றுவது, பீடத்துணி துவைப்பது அவர் மனைவி. பீடத்தில் நற்கருணைக்கு அடியில் விரிக்கும் திருமேனித் துகிலை மற்றத் துணிகளோடு போடாமல் முதலில் தனிநீரில் அலசி, அந்த நீரைச் சாக்கடையில் விடாமல் செடியடியில் ஊற்றி, பிறகு துவைத்து, மும்மூன்றாக மடித்துத் தேய்த்து வைக்கத் தெரிந்தவர் அவர். அவர் பெயருக்கும் ஒரு தொகை எழுதுங்கள். பங்கு இல்லத்தில் சமைப்பவருக்கு வார விடுமுறை கொடுங்கள். மறைக்கல்வி சொல்பவருக்குப் பேருந்துச் செலவாவது கொடுங்கள். திருச்சபைப் பணி செய்யும் பொதுநிலையினருக்குத் தகுந்த ஊதியம் என்று சட்டம் 231 சொல்கிறது. நாட்டின் தொழிலாளர் சட்டத்தை மதிக்கச் சொல்கிறது சட்டம் 1286. திருவிழா வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

பாதுகாப்பு. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், ஊதியம் இல்லாமல் தன்னார்வமாக வேலை செய்பவரையும் பணியாளர் என்றே சொல்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்ணைத் தலைவராகக் கொண்ட உள்ளகக் குழு வேண்டும். அதற்குக் குறைவென்றால் மாவட்டத்தில் உள்ள குழுவிடம் போகலாம். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்த விவரமும் தொலைபேசி எண்ணும் பலகையில் இருக்கட்டும். "குடும்ப மானம், கோயில் மானம்" என்று பேசி முடித்துவைக்க வரும் பெரியவர்களைப் பங்குத்தந்தை உள்ளே விடக் கூடாது. குழந்தைகள் விஷயத்தில் பேசி முடிக்க யாருக்கும் உரிமையே இல்லை. போக்சோ சட்டப்படி தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் கேட்கவில்லை. அடுத்த பேரவைக் கூட்டத்தில் மூன்று தீர்மானம் போடுங்கள்: கூட்ட நேரம், காணிக்கை எண்ணும் மூவர், வரி நோட்டில் இருவர் பெயர். இவற்றுக்கு ஆயர் இல்லத்திலிருந்து எந்தத் தாளும் வர வேண்டியதில்லை. வாசகர், நற்கருணைப் பணியாளர், கிளைக்கிராம வழிபாடு நடத்துபவர் ஆகியோருக்கு அனுமதிக் கடிதம் கேட்டு, பெயர், வயது, பங்கு, எத்தனை ஆண்டுக்கு என்ற விவரத்தோடு பங்குத்தந்தை எழுத வேண்டும். மகதலா மரியாவின் நாளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் நினைவிலிருந்து விழாவாக உயர்த்தினார். அந்த ஜூலை 22-ஐப் பணியமர்த்தும் நாளாக வைத்துக்கொண்டால் பயிற்சிக்கு ஜூன் மாதச் சனிக்கிழமைகள் கிடைக்கும்; பள்ளி திறக்கும் நேரம் என்பதால் பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை போதும். நடத்தித்தர நாங்கள் இருக்கிறோம். பல பங்குகள் சேர்ந்த மறைவட்டத்துக்கு ஒரு கோயில், ஒரு மைக், வாசக நூல், அர்ச்சிக்காத அப்பம் கொஞ்சம், வருகிறவர்களுக்குப் பேருந்துச் செலவு, இவ்வளவுதான் வேண்டும்.

இப்படிக்கு,
இறைப்பணியில் உங்களோடு உழைக்கும்
பங்குப் பெண்கள், மதுரை